பல்கலைக்கழக நலக்கல்வி வகுப்புகள்: சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பல்கலைக்கழகங்களின் மருத்துவ, நர்சிங், மருந்தியல் துறைகளைச் சேர்ந்தவர்கள் நம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளுக்குள் வந்து நலக்கல்வி வகுப்பு நடத்துவது நம் பலருக்கும் தெரிந்ததுதான். சில வகுப்புகள் எல்லோருக்குமானவை. சில, நர்ஸ், பிசியோ, பார்மசிஸ்ட் போன்ற துறைக்காரர்களுக்கு மட்டும். அரசு மருத்துவமனையில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற நான், கோயில் மண்டபங்களில் நடக்கும் வகுப்புகளில் பெயர் எழுதிக்கொள்வது, பெரியவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது என்று கூடமாட உதவுகிறேன். வாட்ஸ்அப்பில் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரை அளவை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

சிஸ்டர், இது மருத்துவ முகாமா? டாக்டர் வந்து பார்ப்பாரா?

இல்லை. இது வகுப்பு. நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லித்தருவார்கள், கேள்வி கேட்கலாம், சில நாட்களில் பிரஷரும் சுகரும் பார்ப்பார்கள். மருந்துச் சீட்டு எழுத மாட்டார்கள், மருந்தும் தர மாட்டார்கள். வரிசையில் நின்று மாத்திரை வாங்கலாம் என்று வந்தவர்கள் கோபித்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கிளினிக்கில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். கிளினிக்கில் காலையிலிருந்து காத்திருந்து உள்ளே போனால் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடுகிறோம். கேட்க நினைத்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வரும். வகுப்பில் அதையெல்லாம் நிதானமாகக் கேட்கலாம். பக்கத்தில் இருப்பவர் கேட்கும் கேள்வி உங்களுடையதாகவும் இருக்கும்.

பல்கலைக்கழகத்துக்கு இதில் என்ன லாபம்? சும்மாவா செய்வாங்க?

நியாயமான சந்தேகம்தான். அவர்களுக்கும் தேவை இருக்கிறது. 1997-இல் அரசு வெளியிட்ட உயர்கல்வி வெள்ளை அறிக்கை, பல்கலைக்கழகங்கள் தங்களிடம் உள்ள அறிவையும் வசதியையும் சமூகப் பணிக்குத் திறந்துவிட வேண்டும் என்று சொன்னது. பாடம் நடத்துவதும் ஆராய்ச்சி செய்வதும் போல இதுவும் அவர்கள் கடமையில் சேர்த்தி. அதோடு, மாணவர்கள் மருத்துவமனைக்கு வெளியே ஜனங்களோடு பேசிப் பழக வேண்டும். கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியை மட்டுமே பார்த்துப் படித்த ஒருவருக்கு, வீட்டில் யார் சமைக்கிறார்கள், மாத்திரை எந்த டப்பாவில் கிடக்கிறது என்பதெல்லாம் எப்படித் தெரியும்?

நம் குவாசூலு-நட்டால் மாகாணத்துக்கு இது புதிதும் இல்லை. 1940-இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதியர் டிராகன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் உள்ள போலேலாவில் ஒரு சுகாதார மையம் தொடங்கினார்கள். நோய் வந்த பிறகு பார்ப்பதோடு நிற்காமல், அந்த ஊர்க்காரர்களையே சுகாதாரக் கல்வியாளர்களாகப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார்கள். காய்கறித் தோட்டம் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். 1951-இல் டர்பனில், வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கென்று மருத்துவக் கல்லூரி திறந்தபோது அங்கேயும் இந்தச் சிந்தனை போய்ச் சேர்ந்தது. கார்க் அங்கே பாடம் நடத்தினார். இன்று நெல்சன் மண்டேலா பெயரில், குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருப்பது அந்தக் கல்லூரிதான். உலகம் முழுக்க இன்று சமூக மருத்துவம் என்று பேசுகிறவர்கள் போலேலாவைக் குறிப்பிடாமல் இருப்பது அபூர்வம்.

காசு கட்டணுமா?

பொது மக்களுக்கான வகுப்புக்கு வேண்டாம். துறைக்காரர்களுக்கான வகுப்பு, சான்றிதழோடு வரும் குறுகிய படிப்பு ஆகியவற்றுக்குக் கட்டணம் இருக்கலாம். பெயர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. சூலுவும் தெரியாது. வந்து என்ன செய்ய?

தைரியமாக வாருங்கள். வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில், சில இடங்களில் சூலுவில் நடக்கும். தமிழ் மட்டுமே பேசும் பாட்டிமார்கள் இப்போது குறைந்துவிட்டார்கள் என்றாலும், தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாக்கள் நிறையப் பேர் வருகிறார்கள். பெயர் கொடுக்கும்போதே "தமிழில் சொல்ல ஆள் வேண்டும்" என்று எழுதினால் ஒருவரை ஏற்பாடு செய்ய முடியும்.

பேரன் பேத்தியை மொழிபெயர்க்க அழைத்து வருவது பற்றி ஒரு வார்த்தை. சாப்பாடு, நடைப்பயிற்சி என்றால் பரவாயில்லை. சிறுநீர், மாதவிலக்கு, மனக்கஷ்டம் மாதிரி விஷயம் என்றால் பிள்ளை முன்னால் நீங்கள் வாயைத் திறக்க மாட்டீர்கள், பிள்ளையும் பாதியை விழுங்கிவிடும். அதற்குப் பெரியவர் ஒருவர் இருப்பதே நல்லது.

ஒரு தடவை வந்தா போதாதா? எதுக்கு ஆறு வாரம்?

ஒரு நாள் நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. பையும் துண்டுப் பிரசுரமும் கொடுத்து, போட்டோ எடுத்து, சமோசாவோடு முடியும். என் அபிப்பிராயத்தில் அவற்றால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஆறு வாரத் தொடர் வகுப்பு என்றால், இந்த வாரம் சொன்னதை வீட்டில் செய்து பார்த்து அடுத்த வாரம் "அது சரிப்பட்டு வரலை" என்று சொல்லலாம். அப்போதுதான் உருப்படியான பேச்சே தொடங்கும். உப்பைக் குறைத்தால் வீட்டுக்காரர் சாப்பிட மாட்டேன் என்கிறார், மகன் இரவு ஷிஃப்ட், மாத்திரையை எப்போது போடுவது என்பதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் வெளியே வரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் தொடர் வகுப்புக்கே பெயர் கொடுங்கள்.

எனக்குத்தான் சுகர் இல்லையே, நான் ஏன் வரணும்?

இல்லை என்று யார் சொன்னார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் பல வருஷம் எந்தத் தொந்தரவும் தராமல் உள்ளே இருக்கும். தெற்காசிய வம்சாவளியினருக்கு அது மற்றவர்களைவிட இளம் வயதில், குறைந்த எடையிலேயே வருகிறது. அதனால்தான் மற்றவர்களுக்கு உடல் பருமன் குறியீடு (பிஎம்ஐ) 25-ஐத் தாண்டினால் எடை கூடுதல் என்று சொல்லும்போது நமக்கு 23-லேயே எச்சரிக்கை. இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் நிற்பது நம் குடும்பங்களில் சகஜம். அதைப் பார்த்து "ஆள் ஒல்லிதான்" என்று விட்டுவிடுகிறோம்.

அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தாலும், கர்ப்ப காலத்தில் சுகர் ஏறியிருந்தாலும், பிரஷர் 140-க்கு 90-ஐத் தொட்டிருந்தாலும் தவறாமல் வாருங்கள்.

விரல்ல குத்திப் பார்த்தாங்க, 9.2ன்னு வந்துச்சு. எனக்கு சுகர் வந்துடுச்சா?

பதறவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். மண்டபத்தில் விரலில் குத்திப் பார்ப்பது யாரை அடுத்த சோதனைக்கு அனுப்புவது என்று தெரிந்துகொள்ள மட்டும்தான். அதை வைத்து நோய் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பிட்ட இட்லியும் அந்த எண்ணில் இருக்கும்.

முடிவு கிளினிக்கிலோ ஆய்வகத்திலோ எடுக்கும் ரத்தத்தில் தெரியும். வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல், அல்லது எச்பிஏ1சி என்ற மூன்று மாதக் கணக்கு 6.5 சதவீதம் அல்லது மேல் என்றால் சர்க்கரை நோய். எப்போது எடுத்தாலும் 11.1-க்குக் குறையாமல் இருந்து, அதோடு தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவது போன்ற அறிகுறியும் இருந்தால் அதுவும் அப்படித்தான். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இன்னொரு தடவை எடுத்து உறுதி செய்வார்கள். வகுப்பில் உங்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள். சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் அதில் எழுதி, கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்கு அரசு கிளினிக்கில் இந்தச் சோதனையும் மருந்தும் இலவசம்.

சென்னையில தம்பிக்கு 160ங்கிறான், எனக்கு 8.9ங்கிறாங்க. யாருக்கு மோசம்?

இரண்டு பேருக்கும் ஒன்றேதான்! இங்கே மில்லிமோல் கணக்கு, இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு. இங்கத்திய எண்ணை 18-ஆல் பெருக்கினால் அங்கத்திய எண் வரும். 7.0 என்றால் 126. 10 என்றால் 180. யூடியூபில் இந்திய டாக்டர் பேசுவதைக் கேட்டுவிட்டு, "எனக்கு வெறும் எட்டுதான், அவங்களுக்கு நூத்துக்கணக்கில்" என்று நிம்மதியாக இருந்த ஒரு மாமா வகுப்புக்கு வந்த பிறகுதான் கிளினிக்குக்குப் போனார். இந்தியாவிலிருந்து மீட்டர் வாங்கி வந்தவர்கள் எந்தக் கணக்கில் காட்டுகிறது என்று திரையைப் பாருங்கள். எச்பிஏ1சி மட்டும் இரண்டு ஊரிலும் பெரும்பாலும் சதவீதத்தில்தான் வரும்.

காவடி விரதம் இருக்கேன். மாத்திரையை நிறுத்திடலாமா?

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் முன்னால் அதிகம் வருவது இந்தக் கேள்விதான். முதலில், எந்த மாதிரி விரதம்? புரட்டாசி மாதம் கறி மீன் விட்டு மரக்கறி சாப்பிடுவதற்கும் மாத்திரைக்கும் பிரச்சினையே இல்லை, வழக்கம்போல் போடுங்கள். கொடியேறியதிலிருந்து ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது, காவடி நாளில் பூஜை முடியும்வரை பட்டினியாக இருப்பது என்றால் விஷயம் வேறு.

மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்குச் சுகர் சட்டென்று இறங்கும் ஆபத்து குறைவு. கிளிமெபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும் அப்படி இல்லை. சாப்பிடாமல் போட்டால் ஆளை மயக்கத்தில் தள்ளிவிடும். அதற்காக இன்சுலினை ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்கள் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுகிறவர்களும் பட்டினிக்கு முன்னால் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். எந்த நேரத்தில் எவ்வளவு என்பதை விரதம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே போய்க் கேளுங்கள். கொடியேறிய பிறகு கேட்டால் யாராலும் நிதானமாகப் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்று. நம் தைப்பூசம் டர்பனின் உச்சக் கோடையில் வருகிறது. வியர்வையில் நீர் போய், அதோடு பிரஷருக்கு நீர் மாத்திரையும் போட்டிருந்தால் தலைசுற்றும். தண்ணீர் குடிப்பதை விரதத்தில் சேர்க்காதீர்கள். நடுக்கம், வியர்வை, குழப்பம் என்று வந்தால் அளந்து பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். மீட்டர் கையில் இல்லையென்றால் அளக்காமலே குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 10177 அல்லது கைபேசியிலிருந்து 112-ஐ அழையுங்கள். விரதம் முறிந்துவிடுமே என்று கேட்பவர்களிடம், முருகன் கோபிக்க மாட்டான், நான் பொறுப்பு என்று சொல்லிவிடுவேன்.

சுகர் இருக்கு. தீ மிதிக்கலாமா?

உங்கள் பாதத்துக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பல வருஷம் சுகர் இருந்தால் பாத நரம்பு மழுங்கிவிடும். சுட்டது தெரியாது, கொப்புளம் தெரியாது, இரண்டு நாள் கழித்து செருப்பில் ஈரம் பார்த்துத்தான் தெரியும். அது ஆறாமல் விரலை எடுக்க வேண்டி வந்த நோயாளிகளை வார்டில் பார்த்தவள் நான். வகுப்பில் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். வலிக்காது, ஒரு நிமிட வேலை. இழை பட்டது உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அல்லது பாதத்தில் புண் இருந்தால், மிதிக்காதீர்கள். நேர்த்திக்கடனை வேறு விதமாகச் செலுத்த வழி உண்டா என்று பூசாரியிடம் கேளுங்கள். நான் கேட்டவரை மறுத்த பூசாரி இல்லை.

தீக்குழியை விட்டுவிட்டாலும் தார் ரோடு இருக்கிறது. காவடி ஊர்வலத்தில் வெயிலில் வெறுங்காலோடு நடப்பதும் இதே ஆபத்துதான், யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பருத்திக் காலுறை போட்டுக்கொள்ள அனுமதி கேளுங்கள், நடந்து முடித்ததும் பாதத்தை வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மஞ்சள், பற்பசை, வெண்ணெய் எதுவும் தடவாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

நம்ம சாப்பாடு எல்லாத்தையும் வேண்டாம்னு சொல்வாங்களோ?

முன்பு அப்படித்தான் இருந்தது. யாரோ எழுதிய தாளில் ப்ரோக்கோலியும் சால்மன் மீனும் இருக்கும், நம் ஆட்கள் அதை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். இப்போது நல்ல வகுப்பு என்றால் நீங்கள் என்ன சமைக்கிறீர்கள் என்றுதான் தொடங்குகிறார்கள்.

பன்னி சாவ் எடுத்துக்கொள்ளுங்கள். கால் பிரெட்டில் பீன்ஸ் கறி. பீன்ஸ் நல்லது, நார்ச்சத்தும் புரதமும் இருக்கிறது. சிக்கல் பிரெட்டில். 700 கிராம் வெள்ளை பிரெட்டில் கால் பாகம் என்றால் அதிலேயே சுமார் 80 கிராம் மாவுச்சத்து போய்விடும். உப்பும் இருக்கிறது. பிரெட்டில் இவ்வளவு சோடியத்துக்கு மேல் போகக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டமே உண்டு. 2016-இல் நடைமுறைக்கு வந்து 2019-இல் இன்னும் இறுக்கி, 100 கிராமுக்கு 380 மில்லிகிராம் என்று ஆக்கினார்கள். அந்த வரம்புக்குள் இருந்தாலும் கால் பிரெட்டில் ஒன்றரை கிராமுக்கு மேல் உப்பு வரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. மேலே ஊறுகாய் வேறு. ஆகவே பிரெட்டைப் பாதியாக்கி, பீன்ஸை இரட்டிப்பாக்கி, பக்கத்தில் கேரட் சம்பல் வைத்துக்கொள்ளலாம். கருவாடு, ஊறுகாய் இரண்டும் ஒரே தட்டில் வேண்டாம்.

குளிர்பானத்தில் 2018 ஏப்ரலிலிருந்து சர்க்கரைத் தீர்வை வந்த பிறகு பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்தது உண்மை. 100 மில்லியில் 4 கிராம்வரை தீர்வை இல்லை என்பதால் அந்த எல்லையை ஒட்டி நிறுத்திக்கொண்டவையும் உண்டு. இரண்டு லிட்டர் பாட்டில் ஞாயிற்றுக்கிழமை மேஜையில் இருந்தால் அந்தக் குறைவு எந்த மூலைக்கு? அம்மன் கோயில் கூழ் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள், அது அன்றைய மாவுச்சத்துக் கணக்கில் சேரட்டும்.

பாகற்காய் ஜூஸும் வெந்தயமும் சாப்பிடுறேன், மாத்திரை எதுக்கு?

பாகற்காயைக் கறியாகச் சாப்பிட யாரும் தடுக்கவில்லை, வெந்தயத்தில் நார்ச்சத்து இருக்கிறது. இரண்டும் கொஞ்சம் உதவலாம். மாத்திரைக்குப் பதிலாக நிற்கும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. மாத்திரையோடு சேர்த்து ஜூஸாக நிறையக் குடித்தால் சுகர் அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். என்ன குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாட்டு மருந்தோ, முத்தி என்கிற சூலு நாட்டு வைத்திய மருந்தோ, எதுவானாலும். வகுப்பில் இதற்காக யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினால் எனக்குச் சொல்லுங்கள்.

பொம்பளைங்க விஷயத்தை அத்தனை பேர் முன்னால எப்படிக் கேக்குறது?

பெண்களுக்கு மட்டும் தனி வகுப்பு வைக்கச் சொல்லிக் கேட்கலாம், வைக்கிறார்கள். அதுவும் கூச்சமாக இருந்தால், கேள்வியைத் துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியில் போடும் ஏற்பாடு உண்டு. பெயர் எழுத வேண்டாம்.

கேட்காமலே சொல்ல வேண்டியது ஒன்று: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பாப் ஸ்மியர் சோதனை, 30 வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு ஒன்றாக மூன்று தடவை அரசு கிளினிக்கில் இலவசம் என்பது 2000-லிருந்து இருக்கும் கொள்கை. எச்ஐவி உள்ள பெண்களுக்கு இன்னும் அடிக்கடி செய்வார்கள். பிள்ளை பெற்று முடித்த பிறகு அந்தப் பக்கமே போகாத அக்காமார்கள் எத்தனையோ பேர். அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸுக்கு எதிரான தடுப்பூசியை 2014-லிருந்து பள்ளியில் ஒன்பது வயதிலிருந்து பெண் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். சம்மதப் படிவம் வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

எச்ஐவி, டிபி வகுப்பெல்லாம் நம்ம ஆட்களுக்கு எதுக்கு?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் பதில் சொல்கிறேன். குவாசூலு-நட்டால், நாட்டில் எச்ஐவி மிக அதிகம் உள்ள மாகாணங்களில் ஒன்று. வைரஸ் ஜாதி, இனம் பார்த்து வருவதில்லை. நம் வீடுகளில் அது இல்லை என்பதாக நாம் நடிக்கிறோம். அந்த நடிப்பால் ஆட்கள் தாமதமாகச் சோதனைக்கு வருகிறார்கள். 2016 செப்டம்பரிலிருந்து, சோதனையில் தெரிந்தவுடனே யாருக்கும் இலவச மருந்து தொடங்கலாம். மருந்தை ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் அது பரவுவதில்லை.

டிபி விஷயத்தில் நமக்கென்று தனிக் கவலையே உண்டு. சர்க்கரை நோய் இருந்தால் டிபி வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவில் வியர்வை, எடை குறைதல் என்றால் கிளினிக்குக்குப் போங்கள்.

என் ரிசல்ட் மெடிக்கல் எய்டுக்குப் போயிடுமா?

நீங்கள் சம்மதிக்காமல் போகக் கூடாது. போப்பியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. 2021 ஜூலையிலிருந்து எல்லோரும் அதன்படி நடந்தாக வேண்டும். அதில் உடல்நலத் தகவலுக்குக் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. பெயர் எழுதும் தாளில் சுகர் எண்ணையும் சேர்த்து எழுதி மேஜையில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தால், தாளை எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இங்கே ஒரு நுணுக்கம். டாக்டர் உங்களுக்குச் சர்க்கரை நோய் என்று உறுதி செய்த பிறகு, புதிதாக மெடிக்கல் எய்டில் சேரும் படிவத்தில் அதை மறைக்கக் கூடாது. மறைத்தால் பிறகு உறுப்பினர் பதவியையே ரத்து செய்ய முடியும். சொன்னால் என்ன ஆகும்? அந்த நோய்க்கு மட்டும் அதிகபட்சம் 12 மாதம் காத்திருப்பு வைக்கலாம். அதன் பிறகு, சர்க்கரையும் பிரஷரும் சட்டப்படி எல்லாத் திட்டமும் கட்டாயம் ஈடுகட்ட வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால், மிக மலிவான திட்டத்திலும் சிகிச்சை கிடைக்கும். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் பயப்பட எதுவுமே இல்லை. தெரிந்துகொண்டால் லாபம்தான்.

ஆராய்ச்சிக்குன்னு கையெழுத்து கேக்குறாங்க. போடலேன்னா வகுப்புக்கு விட மாட்டாங்களா?

விட வேண்டும். வகுப்பு வேறு, ஆராய்ச்சி வேறு. ஆராய்ச்சி என்றால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அதை முன்பே அனுமதித்திருக்க வேண்டும். என்ன செய்கிறார்கள், என்ன ஆபத்து, தகவல் எங்கே இருக்கும், யாரிடம் புகார் செய்யலாம் என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். முடியாது என்று சொல்லலாம். சம்மதித்த பிறகும் காரணம் சொல்லாமல் விலகலாம். படிவத்தில் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பிரதியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டால், நன்றாக விளக்கினால் சேரலாம். நம் ஆட்களைப் பற்றிய ஆராய்ச்சி இல்லாவிட்டால் நமக்கு ஏற்ற ஆலோசனையும் வராது. அவசரப்படுத்தினால் போடாதீர்கள்.

நான் பிசியோ. இதுக்கு வந்தா சிபிடி பாயிண்ட் கிடைக்குமா?

சிபிடி என்றால் துறைக்காரர்களுக்கான தொடர் தொழிற்கல்வி. துறைக்காரர்களுக்கென்று அங்கீகாரம் பெற்று நடத்தும் வகுப்பு என்றால் பாயிண்ட் கிடைக்கும். எச்பிசிஎஸ்ஏ என்ற சுகாதாரத் துறையினர் கவுன்சிலில் பதிவு செய்த பெரும்பாலான துறையினர் 12 மாதத்தில் 30 அலகு, அதாவது பாயிண்ட், சேர்க்க வேண்டும். அதில் 5 நெறிமுறை, மனித உரிமை, மருத்துவச் சட்டம் சார்ந்ததாக இருக்க வேண்டும். இந்த ஐந்தைத்தான் எல்லோரும் கடைசி மாதத்தில் தேடி அலைகிறார்கள். ஆகவே பல்கலைக்கழகம் நெறிமுறை வகுப்பு வைத்தால் முதலில் அதற்குப் பெயர் கொடுங்கள். ஓர் அலகு 24 மாதம் செல்லும். முதல் நிலை வகுப்பில் மணிக்கு ஓர் அலகு, ஒரு நாளைக்கு அதிகபட்சம் 8.

சான்றிதழில் அங்கீகார எண், நிலை, அலகு எண்ணிக்கை மூன்றும் இருக்கிறதா என்று மண்டபத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். கவுன்சில் திடீரென்று சிலரைப் பொறுக்கி எடுத்துக் கணக்குக் கேட்கும். பார்மசிஸ்டுகளுக்கும் நர்ஸுகளுக்கும் கவுன்சில் வேறு, விதியும் வேறு. பிசியோ தோழி சொன்னதை வைத்து நடக்காதீர்கள்.

அப்ப பொது வகுப்புல பின்னால உட்கார்ந்தா அதே பாயிண்ட் கிடைக்குமா?

கேட்டவர் சாமர்த்தியசாலிதான். கிடைக்காது. ஜனங்களுக்கான வகுப்புக்கு அங்கீகாரம் வாங்கியிருக்க மாட்டார்கள். இருந்தாலும் வாருங்கள் என்பேன். நீங்கள் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பும் நோயாளி, இருட்டிய பிறகு வெளியே நடக்கப் பயம் என்பதை இங்கேதான் வாய்விட்டுச் சொல்வார்.

இந்தச் சான்றிதழை வெச்சு மகளுக்கு வேலை கிடைக்குமா?

வருகைச் சான்றிதழ் என்றால், வந்தார் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. வேலைக்கு மதிப்பு வேண்டுமானால், தேசியத் தகுதிச் சட்டகத்தில் பதிவான, கிரெடிட் உள்ள படிப்பா என்று கேளுங்கள். ஒரு கிரெடிட் என்றால் ஏறக்குறைய பத்து மணி நேரப் படிப்பு. இரண்டு நாள் வகுப்புக்கு யாராவது பெரிய எண்ணைச் சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம். முதலுதவிச் சான்றிதழ் வேறு கணக்கு. வேலை இடங்களுக்கு அது செல்ல வேண்டுமானால் தொழிலாளர் துறை ஏற்ற பயிற்சி நிறுவனம் தந்ததாக இருக்க வேண்டும்.

வகுப்புல சொன்னதும் என் டாக்டர் சொன்னதும் வேற வேறயா இருக்கே?

வகுப்பில் சொல்வது பொதுவானது, உங்கள் டாக்டர் சொல்வது உங்கள் உடம்பைப் பார்த்துச் சொன்னது. உதாரணமாக, எச்பிஏ1சி 7-க்குக் கீழே இருக்கட்டும் என்று வகுப்பில் சொல்வார்கள். எண்பது வயதில், இதயக் கோளாறும் இருக்கும் ஒருவருக்கு டாக்டர் 8 போதும் என்பார். அந்த வயதில் சுகர் இறங்கி விழுந்து இடுப்பு ஒடிவதுதான் பெரிய ஆபத்து. இரண்டு பேர் சொன்னதும் சரி.

ஆனால் எல்லா முரண்பாடும் இப்படி இல்லை. சில சமயம் பழைய மருந்துச் சீட்டு வருஷக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும். வகுப்பில் கேட்டதைத் தாளில் எழுதி, "இது எனக்குப் பொருந்துமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். "அவங்க இப்படிச் சொன்னாங்க, நீங்க தப்பு" என்று தொடங்கினால் கதவு சாத்திவிடும். கேட்ட பிறகும் காரணம் சொல்லாமல் எரிந்து விழுந்தால், அடுத்த முறை வேறு டாக்டரைப் பார்ப்பதில் தவறில்லை.

எங்க கோயிலுக்கும் அவங்களை வரவழைக்கணும். யாரைப் பிடிக்கணும்?

யாரையும் பிடிக்க வேண்டாம், கடிதம் போதும். சுகாதார அறிவியல் துறைகளுக்கு சமூகத் தொடர்பைக் கவனிக்கும் ஆள் இருப்பார்கள். கோயில் கமிட்டி அல்லது தமிழ்ச் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். எத்தனை பேர் வருவார்கள், என்ன வயது, எந்த மொழி, மண்டபத்தில் மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் உண்டா, சக்கர நாற்காலி ஏறுமா என்பதைச் சேருங்கள். தலைப்பை அவர்களிடம் விடாதீர்கள். இரண்டு வாரம் முன்னால் கோயிலில் பெட்டி வைத்து, மேலே சொன்னபடி பெயரில்லாமல் கேள்விகளைச் சேர்த்து, அதிகம் வந்த மூன்றைக் கடிதத்தில் எழுதுங்கள். தொடர் வகுப்பாக வேண்டும் என்றும் எழுதுங்கள்.

ஜூனிலும் நவம்பரிலும் மாணவர்களுக்குப் பரீட்சை. டிசம்பர், ஜனவரியில் யாரும் இருக்க மாட்டார்கள். காவடிக்கு முன்னால் விரத வகுப்பு வேண்டுமென்றால் அதற்கு முந்தின செப்டம்பரிலேயே கேட்டு, நவம்பர் பரீட்சைக்கு முன்னால் ஒரு தேதி வாங்கிவிடுங்கள்.